கீழ்வீட்டு லோடு

ஆங்கிலத்தில் ‘லோடு’ என்ற சொல்லுக்கு முதலில் வழி, பயணம் என்றுதான் பொருள். பிறகு வழிநெடுகச் சுமந்து போகும் பாரத்துக்குப் பெயராகி, கடைசியில் ஏராளம் என்றே ஆகிவிட்டது. எவ்வளவு ஏராளம் என்பதை மட்டும் எந்த அகராதியும் சொல்லவில்லை. ஓய்வுபெற்றவனுக்கு இதையெல்லாம் புரட்டிப் பார்க்க நேரம் இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு தீபாவளி சீசனில் அவசரமும் வந்தது.

சாத்தூரில் மாடியில் நாங்கள். கீழே குடியிருந்தவர் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஒருநாள் பகலில் அவர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரமாக உச்சிவரை அட்டைப்பெட்டிகள். அடுத்த அறையில் அவர் மனைவி அடுப்பில் குழம்பு வைத்திருந்தார்.

“என்னப்பா இது?”

“லோடு சார். குடோன்ல இடமில்ல. நாளைக்கு லாரி வந்துரும்.”

“எம்புட்டு இருக்கும்?”

“ஒரு லோடு சார். பயப்படாதீக, எம்பிள்ளைகளும் இங்கனதான படுக்குது.”

வேலையில் இருந்தவரை பட்டாசு உரிமக் கோப்புகளிலேயே காலம் தள்ளியவன் நான். எத்தனை கிலோ, எந்தக் கட்டடம், எவ்வளவு இடைவெளி என்று எல்லா விதியும் மனப்பாடம். பட்டாசுக்கு மேல்மாடியில் குடியிருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்று விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. மாடியில் என் மனைவி காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

“இப்பவே எடு” என்றேன்.

உடனே வண்டியைக் கூப்பிட்டுவிட்டார். உச்சிவெயில். வாசலில் இன்ஜின் உறும, பெட்டியைத் தரையில் தரதரவென்று இழுத்தார்.

“இழுக்காத. நிறுத்து. வெயில் தாழட்டும்.”

“எடுங்குறீக, எடுக்காதங்குறீக. ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க சார்.”

முதலில் அடுப்பை அணைக்கச் சொன்னேன். பிறகு அவரும் வண்டிக்காரரும் என் மனைவியை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். “ஆட்டாமத் தூக்குங்கய்யா, பெட்டிய இழுத்த மாதிரி இழுத்துறாதீக” என்றாள் அவள். எல்லோரும் எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். தெருவில் யாராவது பீடி பற்றவைத்தால்கூட எழுந்துபோய் அணைக்கச் சொன்னேன்.

வெயில் இறங்கிய பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக வண்டியேறின. கடைசிப் பெட்டி போனதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

“எங்கன இறக்கப்போற?” என்று கேட்டேன்.

“மச்சினன் வீட்லதேன் சார். அங்கன மாடி கிடையாது.”