டிரெஸர் சிவஞானத்தின் கை

செய்தி வந்தபோது நான் தஞ்சோங் காராங் சாலையில் ஒரு தொலைபேசிக் கம்பத்தின் மேல் இருந்தேன். கீழே வேனில் இருந்த சக ஊழியர் ரேடியோவில் ஏதோ கேட்டுவிட்டு வெளியே வந்து, "முனியாண்டி, உங்க டிரெஸர் சிவஞானம் காலையில தவறிட்டாராம். அவரு மக ஆபீசுக்குப் போன் பண்ணிச்சாம்" என்று கத்தினார். "சரி" என்றேன். இன்னும் இரண்டு கம்பிகளை முறுக்க வேண்டியிருந்தது. முறுக்கினேன். இறங்கி வந்து கடையில் தேநீர் குடித்தேன். வீட்டில் மனைவி, "அழுதீங்களா?" என்று கேட்டாள். இல்லை. இதை எழுதும் இன்றுவரை இல்லை. மரத்துப்போக ஊசி போட்ட இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பதுபோல இருக்கிறது. அழுத்துவது தெரிகிறது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை.

ஜெராமில் இறுதிச் சடங்கன்று கொட்டகைக்குள் பழைய தோட்டத்து ஆட்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தையல் போட்டுக்கொண்டவர்கள். ஆட்களை வேலை வாங்கி ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல மனுசன் லா. என்ன, கடைசியில கைதான் போயிருச்சு. அந்தப் பிளேனைக் கீழ போட்டாரு பாருங்க, அதோட சரி." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரச் சொல்லி அவருடைய மகள் சுகந்தி கேட்டபோது ஒப்புக்கொண்டது அந்தத் தலையாட்டலுக்காகத்தான். அவருடைய கைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

தெரியாதவர்களுக்காக: சிவஞானம் ஐயா கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஆஸ்பத்திரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டிரெஸராக இருந்தார். பெயர்தான் டிரெஸர். பிரசவம், காய்ச்சல், குலை வெட்டும்போது கால் கிழிந்தவன், எல்லாருக்கும் டாக்டர் அவர்தான். யாழ்ப்பாணக் குடும்பம்; தாத்தா காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு வந்தவர்கள். நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து தொலைபேசி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தவன்.

எண்பத்து மூன்றில் ஆஸ்பத்திரித் தொலைபேசி இரைகிறது என்று என்னை அனுப்பினார்கள். மதிய நேரம், நோயாளி யாரும் இல்லை. காயத்துக்கு மருந்து கட்டும் மேசை மேல் பெரிய வரைபடம் ஒன்று விரித்திருந்தது. அதன்மேல் ஈர்க்குச்சி கனத்தில் மரச் சட்டங்கள், குண்டூசி குத்தி நிறுத்தப்பட்டு வரிசையாக நின்றன. ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கியால் ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பசை வைத்துக்கொண்டிருந்தார் அவர். "என்னங்க ஐயா, ஆபரேசனா?" என்று கேட்டேன். "ஓம். இறக்கை முறிவு. தொடாதையும், எலும்பு இன்னும் சேரேல்லை" என்றார், நிமிராமலே. இங்கிலாந்தில் இருந்த தம்பி அனுப்பிய பெட்டியாம். உண்மையான விமானம் ஒன்றின் ஆறில் ஒரு பங்கு அளவு. சட்டங்களை நாமே வெட்டி, ஒட்டி, துணி போர்த்தி, இன்ஜின் பூட்டி, ரேடியோவால் பறக்கவிட வேண்டும். அன்று தொலைபேசியைப் பழுதுபார்க்க எனக்கு இருபது நிமிடம் போதும். மூன்று மணி நேரம் இருந்தேன்.

எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் ஒரு சாதாரணப் பெட்டி விமானம் கட்டினேன். பழகுவதற்கென்றே விற்பது, அழகெல்லாம் கிடையாது. பறக்கவிடுவது எப்படி என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு, என் விமானத்தை மாறி மாறி விழவைத்துப் பழகினோம். அவர் நான்கு முறை விழவைத்தார், நான் பதினோரு முறை. கடைசியில் இரண்டு பேருக்கும் கை வந்தது. அவருக்கு என்னைவிட நன்றாக வந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்துப் பந்துத் திடலின் நடுக்கோட்டில் இறக்குகிறேன் என்றால் நடுக்கோட்டில்தான் இறக்குவார்.

கீழே நின்று விமானத்தை ஓட்டும் ரேடியோப் பெட்டிகளைக் கோலாலம்பூரில் ஒரு கடையில் வாங்கியிருந்தோம். அங்கே இரண்டுதான் இருந்தன, இரண்டும் ஒரே அலைவரிசை. ஒருவர் பறக்கவிடும்போது மற்றவர் தன் பெட்டியின் விசையைப் போட்டால், மேலே இருக்கும் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது; விழுந்துவிடும். ஒன்றைக் கொடுத்து வேறு அலைவரிசையில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "ரெண்டு பேரும் ஒரே நேரத்தில பறக்க இது என்ன சுபாங் ஏர்போட்டோ?" என்று சிரித்தார். துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்றை எடுத்துச் சிவப்பு மையால் கோடு போட்டார். "இது ஆற்ர சட்டையில இருக்கோ, அவர்தான் பெட்டியைத் தொடலாம். மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிக்கவேணும்." அவ்வளவுதான் சட்டம். பறக்காத நேரம் கிளிப் கோல்கம்பத்தில் கட்டிய கயிற்றில் தொங்கும். ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் இருவரும் அதை மீறியதில்லை.

அவருடைய விமானத்துக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தும்போதெல்லாம், "பசை காயிறதும் புண் ஆறுறதும் எங்கட சொல்லுக் கேளாது, காணும்" என்பார். மழுங்கியதென்று ஒதுக்கிய அறுவைக் கத்திகளால் மரம் வெட்டினார். வால்பகுதி அசையும் இடங்களைத் தையல் நூலால் தைத்தார். எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவில் விமானிக்கு ஒரு தலை செய்து, மீசை வரைந்தார். அது அசல் மண்டோர் முகமாகவே வந்துவிட்டது. மண்டோரே வந்து பார்த்துவிட்டு, "நம்மள வச்சு ஓட்டுறீங்களா ஐயா?" என்று கோபமா சந்தோஷமா என்று தெரியாமல் சிரித்தார். மஞ்சள் வண்ணம் பூசி முடித்த அன்று அவர் இறக்கையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார்.

முதல் முறை பறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. யாருக்கும் சொல்லவில்லை என்று அவர் சொன்னார்; தோட்டமே வந்திருந்தது. நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவர் கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். நாங்கள் இருவரும் புத்தகத்தில் சொன்னபடி எல்லாவற்றையும் சரிபார்த்தோம். விமானம் புல்லில் ஓடி, எழும்பி, செம்பனை மரங்களுக்கு மேலே போய்த் திரும்பியது. கூட்டம் கத்தியது. அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. விரல்கள் மட்டும் வேலை செய்தன.

அடுத்து நான் என் பெட்டி விமானத்தைப் பறக்கவிடுவதாக ஏற்பாடு. திடலின் ஓரத்தில் நின்ற என் வேனுக்குப் போனேன். முந்தைய நாள் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற மறந்துவிட்டோமோ என்று திடீரென்று ஒரு சந்தேகம். இத்தனை பேர் முன்னால் மானம் போகுமே என்ற எண்ணம்தான் இருந்தது, வேறொன்றும் இல்லை. ரேடியோப் பெட்டியை எடுத்து விசையைப் போட்டேன். பேட்டரி முள் மேலே ஏறியது. நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஐந்து வினாடி இருக்கும். பிறகு கூட்டத்தின் சத்தம் மாறியது. நிமிர்ந்து பார்த்தபோது விமானம் என் தலைக்கு மேலேதான் இருந்தது, மல்லாந்து கிடந்தது. விசையை அணைத்தேன். அதற்குள் அது மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்னை யாரும் பார்க்கவில்லை.

அலைவரிசை, கம்பி, மின்சாரம் இதுதான் என் பிழைப்பு. என்ன நடந்தது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். ஆனால் நான் திடலைக் கடந்து அவரிடம் போய்ச் சேர்வதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கைதான். என்ர கைதான். திருப்பேக்கை உதறிப்போட்டுது" என்றார். நான் வாயைத் திறந்தேன். பின்னால் யாரோ, "டிரெஸருக்குக் கை நடுங்குது லா, இனிமே ஊசி போடுறப்ப பாத்துக்கிடுங்க" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். மரங்களுக்கிடையில் தேடியதில் மாவுத் தலை மட்டும் முழுசாகக் கிடைத்தது. அவர் சட்டைப் பையிலிருந்து கிளிப்பைக் கழற்றி என் பையில் மாட்டினார். "இனி இது உமக்குத்தான். ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கிள்ளான் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டு வந்திருந்தார்; கண்ணில் குறை இல்லை என்றதும் கைதான் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. பிறகு தையல் போடுவதை நிறுத்தினார். அரிவாள் பட்டவர்களைக் கழுவிக் கட்டி, லோரியில் ஏற்றித் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்த காயத்துக்கு ஒரு நாள் வேலை போயிற்று. ஆட்கள் முணுமுணுத்தார்கள். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் ஏற ஏற, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. நான் சிறியவனாகிக்கொண்டே போனேன்.

மூன்று மாதம் கழித்து கேபிள் உரிக்கும் கத்தி என் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. வேண்டுமென்று செய்துகொண்டதல்ல. ஆனால் பக்கத்திலேயே இருந்த அரசாங்க ஆஸ்பத்திரியைத் தாண்டி, துணியைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போனது வேண்டுமென்றுதான். "ஏன் இஞ்ச வந்தனீர்? அங்க போம், வடிவாத் தைப்பினம்" என்றார். "நீங்கதான் தைக்கணும் ஐயா. இல்லாட்டி இப்படியே வுட்டுருங்க" என்றேன். ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை கழுவப் போனார். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் கையை நீட்டினேன். அதுதான் நடந்தது. அவர் தைத்தார், ஒரு தடவைகூட ஊசி தயங்கவில்லை. "பாருங்க ஐயா, நடுங்கவே இல்லையே" என்றேன். நூலை வெட்டிவிட்டுச் சொன்னார்: "ஓம், தைக்கேக்கை நடுங்கேல்லை. அண்டைக்கும் நடுங்கேல்லை எண்டுதான் நான் நினைச்சனான். எண்டாலும் விழுந்துதே." அதன்பின் அவர் யாருக்கும் தையல் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த ஆண்டே வேலையை விட்டுவிட்டு ஜெராமில் மகளோடு போய் இருந்தார்.

அங்கே மாதம் ஒரு முறையாவது போவேன். ஒவ்வொரு முறையும், "உம்மட விமானம் பறக்குதோ?" என்று கேட்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் அதைத் தொட்டதே இல்லை. "பறக்குது ஐயா" என்பேன். அதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சி. அதைக் கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

எழுதியதை முதலில் சுகந்தியிடம்தான் கொடுத்தேன். கூடவே அந்தக் கிளிப்பையும் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். மேசை மேல் அந்த மாவுத் தலை மீசையோடு உட்கார்ந்திருந்தது. "அப்பா சட்டைப் பொத்தான் கழண்டாலும் என்னட்டைத்தான் தருவார், அங்கிள். 'என்ர கையை நம்பேலாது, பிள்ளை' எண்டுவார்" என்றார். மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை. தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "ஒரு வரியும் வெட்டாமப் போடுங்கோ."

வெட்டவில்லை. கிளிப் இப்போது அது இருக்க வேண்டிய வீட்டில் இருக்கிறது. என்னிடம் இருப்பது என் இடது உள்ளங்கை. அன்று திடலில் நின்றவர்கள், கொட்டகையில் தலையாட்டியவர்கள், யாராக இருந்தாலும் என் வீட்டுக்கு வாருங்கள், விரித்துக் காட்டுகிறேன். ஏழு தையல். எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி. விமானம் விழுந்து மூன்று மாதம் கழித்துப் போட்டவை.