பாசிர் கூடாங்கிற்கு நான் அறிந்த பொருள்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பெர்மாஸ் ஜெயாவில் நடந்தது இது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் எனக்கு எதிரே அமர்ந்திருந்தவர், கைப்பேசியைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தார். விசாரித்தேன். பாசிர் கூடாங் துறைமுகத்தில் நிற்கும் சரக்குக் கப்பலின் பொறியாளர், தூத்துக்குடிக்காரர். கரையில் இருக்க அவருக்கு மாலைவரைதான் அனுமதி. அழைத்த வாடகைக் கார் வரவில்லை. கப்பலைத் தவறவிட்டால் வேலையே போய்விடும் என்றார். என் காரில் ஏற்றிக்கொண்டேன்.

நெடுஞ்சாலையில் மழையோடு நெரிசலும் சேர்ந்துகொண்டது. என் கைப்பேசி எண்ணை வாங்கிப் பதிந்துகொண்ட பின்னும் அவருக்குப் பதற்றம் தணியவில்லை. பேச்சை மாற்ற எண்ணி, மலாய் மொழியில் பாசிர் என்றால் மணல், கூடாங் என்றால் கிடங்கு என்று விளக்கினேன். நம் 'கிடங்கு'தான் 'கூடாங்' ஆயிற்று என்பாரும் உண்டு என்றேன். அவர் முகம் சற்றே மலர்ந்தது.

"நாங்க கிட்டங்கின்னு சொல்லுவோம் அண்ணாச்சி!"

"உங்க ஊர்ப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"அதுல எங்க வீட்லயே சண்டை. கடலத் தூர்த்துக் குடியேறுன ஊருன்னு அப்பா சொல்லுவாவ. ஊத்துத் தோண்டித் தண்ணி குடிச்ச ஊருன்னு மாமா. பொங்கலுக்குப் பொங்கல் இதே பஞ்சாயத்துதான்."

"நீங்க எந்தக் கட்சி?"

"முதல்ல கப்பல்ல ஏத்துங்க, அப்புறம் கட்சி சேருதேன்."

சிரித்தோம், ஆனால் கார் நகரவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மட்டுமே இடுக்குகளில் புகுந்து சென்றுகொண்டிருந்தன. இவ்வூர் வழக்கப்படி மேற்சட்டையை முன்பின்னாக மாட்டியிருந்த ஒருவரைக் கையசைத்து நிறுத்தி, நிலைமையைச் சொன்னேன்.

"அலமாக்! கப்பல் காத்திருக்காதுலா. ஏறுங்கண்ணே, நானும் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போறேன்" என்று இவ்வூர்த் தமிழில் சொல்லி, கூடையிலிருந்த இன்னொரு தலைக்கவசத்தை நீட்டினார்.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கியளே தம்பி?"

"அப்பதான் நெஞ்சு நனையாதுலா. கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

இருவரும் மழைக்குள் மறைந்தனர். நான் நெரிசலிலிருந்து மீளும் முன்பே செய்தி வந்தது: "ஏறிட்டேன் அண்ணாச்சி. எங்க ஊர்ப் பேருக்கு மூணாவதா ஒரு கதையும் உண்டு. அடுத்த தடவ வரும்போது சொல்லுதேன்."

அந்தக் கதையை இன்னும் கேட்கவில்லை. தேடிப் படிக்கவும் எனக்கு மனமில்லை, அவரே வந்து சொல்லட்டும். பாசிர் கூடாங் என்ற பெயர்ப்பலகையைக் கடக்கும்போதெல்லாம், மணலும் கிடங்கும் நினைவுக்கு வருமுன், முன்பின் அறியாத ஒருவருக்காக மழையில் வண்டியை நிறுத்திய அந்த மனிதரே அப்பெயரின் பொருளாக எனக்குத் தோன்றுகிறார்.