இரண்டு மேடைக்கு நடுவே

விளக்கு அணைந்ததும் லோகேஸ்வர் சைகியா செருப்பை உதறிவிட்டு ஓடுவார். அசாமில் ஊர் ஊராகப் போகும் எங்கள் நாடகக் கம்பெனிக்கு ஒரே கொட்டகையில் இரண்டு மேடை. ஒன்று இருண்டால் உடனே மற்றதில் வெளிச்சம் வரும். அதற்குள் வக்கீல் கோட்டைக் கழற்றி, பிச்சைக்காரனாக அங்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

சினிமாவிலும் அவர் உண்டு. பெரும்பாலும் போலீஸ்காரர், இடைவேளைக்குள் செத்துப்போவார். நல்பாரி டீக்கடையில் ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "அங்க சாகுறதுக்குத்தான்பா கூப்பிடுறாங்க. பொழைக்கிறது இங்கதான்," என்றார். தான் நடித்த படத்தைப் பார்க்கவே மாட்டார். தியேட்டர் வாசலில் நின்று, சனம் சிரித்ததா என்று காவலாளியிடம் விசாரிப்பதோடு சரி.

யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத மனிதர். முட்டிவலியையும் யாரிடமும் சொன்னதில்லை. முட்டியில் தேய்த்த கடுகெண்ணெய் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனைக்கும் அடி சறுக்கும். இந்த நாடகப் பருவத்தின் கடைசி வாரத்தில், அந்த இருட்டு ஓட்டத்தில் முட்டி அவரைக் கைவிட்டது. லைட் போடுகிறவன் நான். அடுத்த மேடையில் வெளிச்சம் போட்டேன், பிச்சைக்காரனைக் காணோம். இரண்டு மேடைக்கும் நடுவிலிருந்த பள்ளத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"கீழ விழுந்தவன யாரும் பாக்க மாட்டீங்களா, ஐயா?"

நாடகத்தில் இல்லாத வசனம். விளக்கை அவர்மேல் திருப்பினேன். கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரமாயிற்று. முதலாளி தாலுக்தார் மட்டும் தட்டவில்லை. அவருக்கு உண்மை தெரியும்.

அடுத்த ஆண்டுக்கு யார் யார் என்பது பருவம் முடிந்த மறுநாள் காலையில் தெரிந்துவிடும். வேண்டியவருக்கு முதலாளி வெண்கலத் தட்டில் வெற்றிலை பாக்கு நீட்டுவார். எடுத்துக்கொண்டால் ஒப்பந்தம், பிறகு இரு தரப்பும் வார்த்தை மாறக்கூடாது. சைகியா குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு, பிரித்துப்போட்ட மூங்கில்கள்மேல் காத்திருந்தார். மேடையில்லாமல் இந்த மனிதர் என்ன செய்வார் என்று யோசித்தபடி நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

முதலாளி வந்தார். தட்டில் கமோசாத் துண்டு மட்டும் இருந்தது. மரியாதையாக அதை சைகியாவின் தோளில் போட்டார்.

"ரொம்ப ஓடிட்டீங்கண்ணே. இனி வீட்டுல நிம்மதியா இருங்க."

சைகியா துண்டைச் சரிசெய்துகொண்டார். முதலாளி கையிலிருந்த வெறும் தட்டை வாங்கினார். மடியிலிருந்து தன் வெற்றிலையையும் பாக்கையும் எடுத்து அதில் வைத்தார். பிறகு மூங்கிலைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு கையாலும் தட்டை அவர்முன் நீட்டினார்.