சுகிர்தம் மேடமும் இரண்டு கால்சியம் வாசல்களும்

சுகிர்தம் மேடம் காலமான செய்தி தப்பும் தவறுமாகத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்தோடு ஒரு பதிவு வந்தது. "உடற்கூறியல் பேராசிரியை சுகிர்தம் அவர்கள் மாரடைப்பால் காலமானார்." இரண்டு வரியில் இரண்டு பிழை. உடற்கூறியல் நடத்தியவன் நான். அவர் நடத்தியது உடலியங்கியல். அவரைக் கொண்டுபோனது மாரடைப்பும் அல்ல, மூளையில் ரத்தக்கசிவு என்று அடுத்த நிமிஷமே போன் செய்த அவருடைய அக்கா மகன் சொன்னார். வாயில் நுரையோடு நின்றபடி இரண்டையும் திருத்திப் பதில் போட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் இறந்துவிட்டார் என்பதே எனக்கு உறைத்தது.

ரத்த அழுத்தத்துக்கு அவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்த நாளில் போடுவார். கேட்டால், "தலைவலி ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான இருக்கேன்" என்பார். இதையே ஒரு மாணவி தேர்வுத் தாளில் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பத்தி திட்டும் எழுதியிருப்பார். ஊரில் உள்ளவர் உடம்பையெல்லாம் துரத்தித் துரத்திக் கவனித்தவர், தன் உடம்பு விஷயத்தில் இப்படி இருந்தார். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். என்னால் முடியவில்லை.

ஆம்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் செவிலியர் கல்லூரியில் நாங்கள் இருவரும் பல வருஷம் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். அவர் காட்பாடியிலிருந்து ரயிலில் வருவார். இளம் வயதில் வெளியூரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். தசைக்குள்ளே கால்சியத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பைகளையும், அதைத் திறந்துவிடும் வாசல்களையும் பற்றித்தான் அவருடைய முனைவர் பட்டம். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் ஊர் திரும்பினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்த வாசல்களை மட்டும் விடவில்லை.

நான் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் கரும்பலகை முழுக்க அவருடைய படம் இருக்கும். ஓரத்தில், 'அழிக்க வேண்டாம்'. இடுப்பெலும்பை நான் எங்கே வரைவது?

"மேடம், இவங்க நர்ஸ் ஆகப்போற பசங்க. கால்சியம் வந்தா தசை சுருங்கும்னு தெரிஞ்சா போதாதா?"

"கால் தசையும் இதயமும் ஒண்ணா சார்?"

"தசைதானே ரெண்டும்."

அவ்வளவுதான், தேநீர் ஆறிப்போகும். கால் தசையில் மின்துடிப்பு வந்தால், மேற்புறத்தில் இருக்கும் ஒரு புரதம் உள்ளே இருக்கும் வாசலைக் கைபிடித்து இழுப்பது போலத் திறந்துவிடுகிறது. வெளியே கால்சியம் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. இதயத்தில் அப்படி இல்லை. வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்து தட்டினால்தான் பையின் வாசல் திறக்கும், மீதிக் கால்சியம் கொட்டும், இதயம் சுருங்கும். இரண்டு வாசலும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு ஆள். இதை அவர் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நான் தூக்கத்தில் கூடச் சொல்வேன்.

தவளைகளை வைத்துப் பாடம் நடத்த அனுமதி இருந்த காலத்தில், கால்சியம் இல்லாத கரைசலில் தவளையின் இதயத்தை வைத்துக் காட்டுவார். அது நின்றுபோகும். பக்கத்துத் தட்டில் கால் தசை, மின்சாரம் பட்டதும் துள்ளும். இதயத்தின் மேல் கால்சியம் சொட்டுவிட்டால் மறுபடி அடிக்க ஆரம்பிக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அவருக்குக் கோபம் வந்துவிடும். "கை தட்டாதீங்க, ஏன்னு கேளுங்க!" ஒருத்தியும் கேட்க மாட்டாள்.

எங்கள் ஆய்வக உதவியாளர் முருகேசன் ஒருநாள் விடுப்பு கேட்டு வந்தார். மகள் கவிதா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். பேரணாம்பட்டில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. கழுத்தில் சின்னதாகத் தைராய்டு கட்டி. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பயமா கீது மேடம். என் தம்பி ஆபரேஷன்லதான் பூட்டான். சாதாரண குடலிறக்கம். மயக்கம் குடுத்ததும் ஒடம்பு நெருப்பா கொதிச்சுதாம். வெறைச்சிப் போய்ட்டானாம்."

மேடம் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "தாடை இறுகிப்போச்சா?"

"ஆமா மேடம். உங்களுக்கு எப்டி தெரியும்?"

அந்த நிமிஷத்திலிருந்து ஒரு மாதம் எங்களில் யாருக்கும் நிம்மதி இல்லை. கால் தசையின் வாசலில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்தால், மற்ற நாளில் அநேகமாக ஒன்றும் தெரியாது. மயக்கம் கொடுக்கும் சில வாயுக்களும், தசையைத் தளர்த்தும் ஒரு குறிப்பிட்ட ஊசியும் உள்ளே போனால் மட்டும் வாசல் திறந்தபடியே நின்றுவிடும். கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பின் தசை எல்லாம் விடாமல் சுருங்கும், சூடு ஏறும், ஆள் போய்விடுவார். மேடம் அறுவை சிகிச்சை டாக்டருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னார். அவர் மறுத்ததும் நேரிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். வேலூரில் தெரிந்தவர்களைப் பிடித்துக் கவிதாவின் ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முருகேசன் என்னிடம் வந்து, "சார், ஏன்டா வாயத் தொறந்தேன்னு இருக்கு. ரொம்பப் பேஜார் பண்றாங்க" என்று அழாத குறையாகச் சொன்னார்.

முடிவு வந்தது. மேடம் சந்தேகித்தது சரி. வாயு இல்லாமல், நரம்பு வழியே மட்டும் மருந்து கொடுத்துக் கட்டியை எடுத்தார்கள். நான்காம் நாள் கவிதா வீட்டுக்கு வந்துவிட்டாள். கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா காதில் விஷயம் விழுந்தது. அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்தார். கால்சியம் சேனல் கோளாறு, ஓடினால் மயக்கம், திடீர் மரணம் என்று என்னென்னவோ வந்தது. அதெல்லாம் இதயத்து வாசலின் கோளாறு. அவருக்கு அது எப்படித் தெரியும்? பொண்ணுக்கு ஹார்ட்டில் ஓட்டை என்று பேரணாம்பட்டில் பேச்சாகிவிட்டது.

நேரில் போய் விளக்குகிறேன் என்று மேடம் கிளம்பினார். தனியாக விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் நானும் பஸ் ஏறினேன். வழியெல்லாம் கெஞ்சினேன். "மேடம், ரெண்டே வரி. இதயத்துல ஒண்ணும் இல்ல. மயக்க மருந்து குடுக்கும்போது மட்டும் டாக்டர்கிட்ட சொல்லணும். அதோட எழுந்துடலாம்."

"சரி சார்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா முறத்தில் பீடி இலையோடு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பாய் விரித்தார். சித்தப்பா கைப்பேசியை நீட்டினார். "இங்க போட்டுருக்கு பாருங்க மேடம்."

"அது வேற வாசல்" என்று ஆரம்பித்தார் மேடம். அங்கே கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டார். இரண்டு வரி என்று ஒப்புக்கொண்டதெல்லாம் போயிற்று. ஆனால் ஆச்சரியம், அந்த அம்மா குனிந்து உன்னிப்பாகக் கேட்டார்.

"அப்போ ஓடலாம், வேலைக்குப் போலாம், எல்லாம் செய்யலாம். ஆபரேஷன்னா மட்டும் முன்னாலயே சொல்லணும். அவ்ளோதான?"

"அவ்ளோதான்மா. ரொம்ப வெயில்ல ஒடம்ப வருத்தாம இருந்தா இன்னும் நல்லது."

"இதுக்கா இவ்ளோ பேச்சு? டேய், டீ எடுத்துனு வாடா!" மாப்பிள்ளைப் பையனே எழுந்து ஓடினான். நான் எழுந்திருக்கத் தயாரானேன். அந்த அம்மா சும்மா, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டார்: "பொறக்கப்போற புள்ளைங்களுக்கு ஒண்ணும் வராதில்ல மேடம்?"

"ரெண்டுல ஒண்ணுக்கு வர வாய்ப்பு இருக்கு" என்றார் சுகிர்தம் மேடம்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

பஸ் நிலையத்தில் நான் கத்தியே விட்டேன். "வரலாம், வராமலும் போகலாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"வரலாம்னா எவ்ளோ வரலாம் சார்?"

"மேடம், அது கிளாஸ் இல்ல, ஒரு பொண்ணோட கல்யாணம்!"

"அவங்க கேட்டாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணுதான் அந்த வீட்டுல இருக்கப்போறா. மறைச்சு வெச்சு அனுப்பினா, தெரிஞ்ச அன்னிக்கு யார அடிப்பாங்க? என்னையா?"

எரிச்சலோடு ஆம்பூர் வந்து சேர்ந்தேன். அவர் சொன்னது சரி என்பது எனக்குத் தெரியும். அதை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

கல்யாணம் நின்றது. கவிதா எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். கழுத்தில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. "எங்கப்பா சொன்னத நீங்க காதுல வாங்காமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றாள். மேடம் எழுந்து நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"உன் தம்பிய டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கச் சொல்லு" என்றார்.

கவிதா கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

கவிதாவின் தம்பி தினேஷ் அதே ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருந்தான். "எனக்கு இன்னா ஆபரேஷனா? போங்க மேடம்" என்று நழுவினான். மேடம் விடவில்லை. முருகேசன் அவரைப் பார்த்தாலே ஆய்வகத்தின் பின்கதவு வழியாகப் போய்விடுவார். கவிதா அவர் எண்ணைத் தடுத்துவிட்டாள். உடனே மேடம் என் கைப்பேசியை வாங்கிப் பேச ஆரம்பித்தார். "தம்பிக்கு எங்க, எப்ப, இன்னா ஆனாலும் ரெண்டு விஷயம் சொல்லணும். மயக்க வாயு வாணாம். தசையத் தளர்த்தற அந்த ஊசி வாணாம்." ஊசியின் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொல்வார். "தெரியும் மேடம், மனப்பாடம் ஆயிட்ச்சு!" என்று அவள் கத்துவது எனக்கே கேட்கும். அதற்குப் பிறகு நான் எந்த எண்ணிலிருந்து அழைத்தாலும் கவிதா எடுக்கவில்லை.

மறு வருஷம் ஒரு மதிய ஷிப்டுக்குப் போகும்போது நெடுஞ்சாலையில் தினேஷின் பைக்கை லாரி தட்டிவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியிலிருந்து நேராக ஓடிவந்த கவிதா, அறுவை அரங்கின் கதவை மறித்து நின்றிருக்கிறாள். அப்புறம் முருகேசன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மயக்க மருந்து டாக்டர் சின்ன வயதுக்காரர். "நகரும்மா, நேரமில்ல" என்றிருக்கிறார்.

"சார், வாயு வாணாம். அந்த ஊசியும் வாணாம். எங்க சித்தப்பா அதுலதான் செத்தாரு. எனக்கும் அது கீது. இவனுக்குப் பாக்கல."

அவர் அப்படியே நின்றுவிட்டாராம். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்திருக்கிறார். மயக்க இயந்திரத்தின் குழாய்களை மாற்றி, பழைய வாயுவை வெளியேற்றி, நரம்பு வழி மருந்திலேயே எல்லாம் செய்தார்கள். மண்ணீரலை எடுத்தார்கள். தினேஷ் பிழைத்தான்.

படுக்கையில் கிடந்தபோதே அவனிடம் ரத்தம் எடுக்க வைத்துவிட்டார் மேடம். அவனுக்கும் அந்தக் கோளாறு இருந்தது. முடிவு வந்த அன்று அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் சொன்னேன் இல்லையா என்று மேசையைத் தட்டுவார் என நான் எதிர்பார்த்திருந்தேன். அன்று ஏதோ வேலையாக நானும் காட்பாடிக்கு அதே ரயிலில் போனேன். ஜன்னலுக்கு வெளியே வறண்ட பாலாற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் சொல்றது தப்பா இருக்கணும்னு முதல் தடவையா ஜெபம் பண்ணேன் சார். கேக்கல."

கவிதா பிறகு தன் பிரிவிலேயே வேலை செய்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பேச்சு தொடங்கிய அன்றே, பிள்ளைகளுக்கு இரண்டில் ஒன்று என்று அவளே அவரிடம் சொல்லிவிட்டாளாம். அவர் ஒருநாள் யோசித்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்றாராம். கல்யாணத்துக்கு மேடமும் நானும் போனோம். மேடையேறிப் புகைப்படத்துக்கு நிற்கும்போது, மேடம் மாப்பிள்ளையின் காதருகே குனிந்து அந்த ஊசியின் பெயரைச் சொன்னார். புகைப்படத்தில் மாப்பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கிறார். கவிதா பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். மேடம் மட்டும் சிரிக்கிறார்.

காட்பாடிக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தோம். போதகர் அவரை மென்மையான உள்ளம் படைத்தவர் என்றார். முருகேசன் என்னைப் பார்த்தார், நான் முருகேசனைப் பார்த்தேன். எங்களுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவர் மென்மையானவர் அல்ல. சொல்ல வேண்டியதை எங்கே நிறுத்துவது என்று தெரியாதவர். கேட்டவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்காதவர். இந்த எரிச்சல் எனக்குத் தீராது. அதே நேரம், அப்படி ஒருவர் இல்லாதிருந்தால் அந்தப் பையன் இப்போது எங்கே இருப்பான் என்பதும் எனக்குத் தெரியும்.

குழியை மூட ஆள் இருந்தார்கள். தினேஷ் அவர்களிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். சட்டையைக் கழற்றிக் கல்லறைச் சுவரில் போட்டான். வயிற்றில் மேலிருந்து கீழாக நீளத் தழும்பு. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "டேய், வெயில்ல ரொம்ப வளையாத. மெதுவா போடு" என்று கவிதா அதட்டினாள். அவன் காதில் வாங்கவில்லை. தோளும் கையும் இறுகி மண்ணை அள்ளின, தளர்ந்து கொட்டின, மறுபடி இறுகின. கடைசி மண்ணையும் தட்டிச் சமன் செய்துவிட்டு, மூச்சு வாங்க மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றான்.

போய் வாருங்கள், மேடம். பிள்ளை நன்றாக இருக்கிறான்.