பேனாவைக் கீழே வைக்கும் சொல்

பிரெஞ்சுப் பள்ளியிலிருந்து வந்த எங்களுக்குப் படிப்பு என்றால் டிக்டேதான். வாத்தியார் சொல்வார், நாங்கள் எழுதுவோம். நிறுத்த வேண்டிய இடத்தில் 'புவேன்' என்பார், முற்றுப்புள்ளி வைப்போம். எல்லாம் முடிந்ததும் 'புவேன் ஃபினால்' என்பார். பேனாவைக் கீழே வைத்துவிடுவோம். அதற்குமேல் ஒரு எழுத்து எழுதினாலும் விரல் முட்டியில் அடி விழும்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போன பிறகு நான் கல்லூரியில் சேர்ந்தேன். சரித்திரம் நடத்த மதராஸ் பக்கத்திலிருந்து ஒரு இளம் வாத்தியார் வந்தார். முதல் நாளே பெஞ்சுகளை வட்டமாகப் போடச் சொன்னார். தானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "ஒரு ராஜா தோத்துப்போனா குடியானவனுக்கு என்ன ஆகும்? நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

எல்லோரும் குனிந்து அதை அப்படியே எழுதினோம். கடைசியில் என் பக்கத்துப் பையன் நிமிர்ந்து கேட்டான்: "சார், புவேன் வச்சிடலாமா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்கவில்லை. எழுதியதில் என்ன தப்பு என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் அப்பா இறந்தார். நான் அழவில்லை. சரியான கல்லுளிமங்கன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அழுத்தமெல்லாம் ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு மருந்து போட்ட வாய் மாதிரி உள்ளே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அம்மாவும் நானும் நெல்லித்தோப்பில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா பழைய சர்க்காரில் குமாஸ்தா. வீட்டில் எதை முடிவு செய்தாலும் "புவேன் ஃபினால்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். என் படிப்பை நிறுத்தி மில்லில் சேர்ப்பது என்பதும் அப்படித்தான் முடிவானது.

வகுப்பில் மற்றவர்கள் மெல்லப் பேச ஆரம்பித்திருந்தார்கள். "ராஜா மாறினாலும் வரி கேக்க வர்ற ஆளு மாறல சார்" என்று அரியாங்குப்பத்துப் பையன் ஒருவன் சொன்னபோது வாத்தியார் துள்ளிக் குதிக்காத குறை. என்னிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. "ஒண்ணும் தோணல சார்" என்பேன். "பரவாயில்ல, தோணட்டும்" என்று சும்மா காத்திருப்பார். பெரிய ரோதனையாக இருந்தது. ஒருநாள் பொறுக்காமல், "மில்லுக்குப் போகப்போற எனக்கு ராஜா எப்படிப் போனா என்னா சார்?" என்று கேட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாமா மரியாதையாக நாற்காலி போட்டார். காப்பி வந்தது.

"படிப்பை நிறுத்தப்போறீங்களாமே. பையன் என்ன நினைக்கிறான்னு கேட்டீங்களா?" என்றார் வாத்தியார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "சொல்லுடா. என்னா நெனைக்கிற?"

இருவரும் காத்திருந்தார்கள். சமையலறையில் அம்மா பாத்திரம் உருட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். எனக்கு அப்படியொரு ஆசை இருந்தது என்பதே அதைச் சொல்லும்போதுதான் தெரிந்தது.

"நான் படிக்கணும் மாமா."

வாத்தியார் முகம் மலர்ந்துவிட்டது. மாமா கோபப்படவில்லை. பொறுமையாகத் தலையாட்டினார். "பையனுக்கு நல்லா பேசக் கத்துக்குடுத்திருக்கீங்க சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புவேன் ஃபினால்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"என்ன சொன்னார்?" வாத்தியார் ஆவலாகக் கேட்டார்.

"டிக்டே முடிஞ்சிடுச்சாம் சார். பேனாவ கீழ வச்சிடணுமாம்."