கல்லுக்குள் இருந்த நத்தை

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் என்னைவிடப் புத்திசாலி யாருமில்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. தாய்மாமா பி.ஏ. படித்தவர்தான், மதுரை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சயின்ஸ் வாத்தியார்தான். ஆனாலும் ஒரு கல்லோடு ஒரு மாதமாக அவர் மல்லுக்கட்டியதைப் பார்த்தால் யாருக்குத்தான் மரியாதை வரும்?

அந்தக் கல்லை அரியலூர்ப் பக்கமிருந்து சாக்கில் கட்டி ரயிலில் கொண்டுவந்திருந்தார். பூசணிக்காய் அளவு. ஒரு விளிம்பில் மட்டும் சுருளாக வரிகள் தெரியும். உள்ளே கடல் நத்தை இருக்கிறது, செத்துக் கல்லாகிக் கோடி வருஷம் ஆகிறது என்பார்.

"கோடி வருஷமாப் பேசாமக் கெடந்தத ஏண்டா நோண்டுற?" என்பாள் அம்மா.

நோண்டக் காரணம் இருந்தது. மாமாவுக்குத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை பள்ளியில் பொருட்காட்சி. பார்க்க வருகிற துரைக்குக் கல் என்றால் கிறுக்கு. நத்தையை முழுசாக எடுத்துக் காட்டினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கோடை லீவோடு சீட்டுக் கிழிந்துவிடும். தலைமை ஆசிரியரே சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை மாமாவின் உளி வழுக்கி, நத்தையின் விளிம்பில் ஒரு சில்லு தெறித்தது. முகம் செத்துப்போனது அவருக்கு.

"இனி இத அம்மி கொத்துறவ கையிலதேன் குடுக்கணும்!" என்று உளியை வீசிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எரிச்சலில் சொல்வது வேறு, செய்யச் சொல்வது வேறு என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மத்தியானம் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று சமயநல்லூர்க்காரி எங்கள் காளவாசல் தெருவில் குரல் கொடுத்ததும் ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இத உன்கிட்டக் குடுக்கணும்னு மாமா சொன்னாரு" என்றேன். அவளுக்கு என் அம்மா வயசு இருக்கும்.

கல்லைப் புரட்டிப் பார்த்தாள். "இதுல என்னத்த தாயி அரைப்பீக?"

"அரைக்க இல்ல. உள்ள ஒரு நத்தை இருக்கு. அதுக்கு வலிக்காம எடுக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. கல் முழுக்கத் தண்ணீர் தெளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளிக்கல் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளுத்தது. நத்தை இருந்த இடம் மட்டும் ஈரமாகவே மின்னியது. ஈரத்தைச் சுற்றிக் கரித்துண்டால் கோடு போட்டாள். நத்தைப் பக்கம் உளியின் முனை திரும்பாமல், வெளிப்பக்கமாகவே தட்டினாள். தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். சத்தம் மாறினால் சின்ன உளிக்குப் போவாள். இடையில் எழுந்துவந்த அம்மா, "அய்யய்யோ, அவன் பொழப்பே இதுலதானடி இருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்குள் பாதி நத்தை வெளியே வந்திருந்தது. இனி நிறுத்தி என்ன பண்ண?

பொழுது சாயும்போது முழுசும் வந்துவிட்டது. உமிச் சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க, தேன் நிறத்தில் வரிவரியாக எழும்பியது. அம்புட்டு அழகு!

மாமா வந்தார். என்னை அடிக்கக் கை ஓங்கியவர், நத்தையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அம்மா அவளுக்கு ஒரு படி கம்பு அளந்து கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாமாவோடு நானும் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். துரை பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சில்லு தெறித்த இடத்தை மாமா கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார். ஓரிடத்தில்கூட உளி படவில்லையே, யார் எடுத்தது என்று துரை கேட்டார். மாமா ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். மாமாவின் வேலையைக் காப்பாற்றியவள் நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை நிரந்தரமானது.

இரண்டு மாதம் கழித்துச் சமயநல்லூர்க்காரி திரும்ப எங்கள் தெருவுக்கு வந்தாள். அம்மியைக்கூடக் கேட்காமல் முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"தாயி, அந்த நத்தையப் பாத்துப்புட்டு என்ன சொன்னாக?"

"எங்க மாமா மாதிரி கை இந்த ஜில்லாவுலயே இல்லைன்னு தொரை சொன்னாரு" என்றேன், கொஞ்சம் சேர்த்தே.

அவள் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். "அப்ப நல்லாத்தேன் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

மாமாவுக்காக அவளும் சந்தோஷப்படுகிறாள் என்று நினைத்து, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.