எம்புட்டு பர்சென்ட்

எங்கள் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்த வார்த்தை பர்சென்ட். பட்டாசு ஆலையில் வெடித்துவிட்டது என்று சேதி வந்தால், யாருக்கு என்று கேட்ட கையோடு அடுத்த கேள்வி, "எம்புட்டு பர்சென்ட்?" உடம்பு எவ்வளவு வெந்தது என்ற கணக்கு அது. ஐம்பதைத் தாண்டிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

என் அக்காவுக்கு அறுபத்துநாலு. எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் வெடிமருந்து அடைக்கும் அறை தீப்பிடித்து, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். நான் விருதுநகரில் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மரபணுவின் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்தி ஒப்பிடும் படிப்பு. அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தது வேறு: "எம்மவன் கம்ப்யூட்டர்ல டாக்டருக்குப் படிக்கான்." நான் திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது எனக்கும்.

மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வார்டு வாசலில் கிடந்த அம்மா, என் சட்டையைப் பிடித்தாள்.

"டாக்டருமாரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்காக. ஒன் கம்ப்யூட்டர்ட்ட கேளுலே. அவ பொளைப்பாளா, மாட்டாளா?"

எதிரே பிரவுசிங் சென்டர் இருந்தது. வயதையும் வெந்த அளவையும் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்லும் பக்கம் ஒன்று கிடைத்தது. இருபத்தாறு, அறுபத்துநாலு என்று அடித்தேன். வந்த எண் பாதியைக்கூடத் தொடவில்லை. அறுபத்துநாலை அறுபதாக்கினேன். ஐம்பதாக்கினேன். புகை உள்ளே போயிருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று மாற்றினேன். பேரம் பேசினால் இறங்கி வரும் என்று நினைத்தேனோ என்னவோ, கிறுக்குப் பிடித்தவன்போல அடித்துக்கொண்டே இருந்தேன். முப்பதுக்கு வந்தபோது தொண்ணூற்றைந்து என்று காட்டியது. அந்த விடையை மட்டும் பிரிண்ட் எடுத்தேன்.

அம்மாவுக்கு எண் மட்டும் படிக்கத் தெரியும். தாளைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு சரிந்தாள்.

"தொண்ணூத்தஞ்சா? அறுவத்துநாலுன்னுல்ல சொன்னாக."

"இது அந்தப் பர்சென்ட் இல்லம்மா. பொளைக்கிற பர்சென்ட். கூடக்கூட நல்லது."

அம்மா நம்பினாள். தாளைக் கண்ணில் ஒற்றி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டாள். "புண்ணுல ஒட்டாம உடுத்த மெல்லிசாச் சேலை எடுத்துட்டு வாரேன்" என்று ஊருக்கு பஸ் ஏறினாள். டாக்டர்கள் சொல்லாததை நான் சொன்னதால்தான் அவள் அந்த வாசலை விட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை அக்கா, "அம்மா எங்கலே?" என்றாள். வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். திரும்ப இரண்டு தடவை கேட்டாள். மதியத்துக்குள் போய்விட்டாள்.

துவைத்து மடித்த மூன்று சேலைகளோடு அம்மா வந்தபோது மணி இரண்டு. அழுது ஓய்ந்தபின் இடுப்பிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரும் பொய் சொல்லுமாலே?"

சொல்லும் என்று தலையாட்டினேன்.